பார்க்காமல் எடுத்த படம்

சுவரில் மாட்டியிருந்த விசிறி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு கிரீச் போட்டது, போடட்டும், நல்லாப் போடட்டும், அந்தக் கிரீச்சுக்குள்ளே ஒரு படத்தை ஒளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள் ஜெபக்கனி. சாத்தான்குளத்தில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவள், கல்யாணம் எடுக்கப் போனால் கூட்டத்தைத் தோளால் நெட்டித் தள்ளிக்கொண்டு முன்னே போய் நிற்கிறவள் என்று பேர் வாங்கினவள், இன்றைக்குப் பாருங்கள், கிருபாபுரம் கோயிலில் பாடகர் குழுவின் முன்வரிசையில், கஞ்சி போடாத சாம்பல் நிறச் சேலையில், மடியில் பாட்டுப் புத்தகமும் அதற்கு அடியில் கேமராவுமாகப் பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு வருமா என்றால், சுத்தமாக வராது. பயிற்சிக்கு வந்த முதல் சனிக்கிழமையே லிடியாள் டீச்சர் கண்டுபிடித்துவிட்டாள், "வாயை மட்டும் அசைங்க ஜெபக்கனி, சத்தங்கித்தம் போட்டுராதிய, பொண்ணு மாப்பிள்ள பாவம்" என்றாள், அதற்கு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள், ஜெபக்கனியும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்ய, வேண்டியிருந்தது பாட்டு அல்ல, இந்த இடம். இந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் பீடத்துக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் முகம் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே முழுசாகத் தெரியும், பத்தரை மணிக்குக் கிழக்கு ஜன்னல் வெயில் மூன்றாவது படி வரைக்கும் வரும், பத்தே முக்காலுக்கு இரண்டாவது படி, வியாழக்கிழமை தனியாக வந்து பார்த்து வைத்திருக்கிறாள். ஃபோகஸ் பிடிக்கும்போது மினுக்குகிற சின்ன ஆரஞ்சு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியாயிற்று, ஃப்ளாஷ் தன்னால் எழும்பிவிடாமல் அதன் தலையிலும் ஒரு டேப், பீப் சத்தத்தை அணைத்தாயிற்று, வளையலைக் கழற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டாயிற்று. அந்த டக்கைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழைய கேமரா, பொத்தானை அமுக்கினால் டக் என்கும், தெருவில் காதிலேயே விழாத டக், கோயில் அமைதியில் தகரத்தில் கல் விழுந்த மாதிரி கேட்கும். ஏ கேமராவே, இன்றைக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து என்று புத்தகத்துக்கு அடியில் அதைத் தட்டிக் கொடுத்தாள்.

மானம் என்ற வார்த்தை வந்ததும் மனசு நேராக அங்கேதான் போகும், போகாதே போகாதே என்றாலும் போகும், மூன்று வருஷத்துக்கு முந்தின சித்திரை மாசம், இதே கோயில், இதே பீடம், இதே எப்பிராயீம் ஐயர். இந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வது, எப்பிராயீம் ஐயர் என்றால் ஆராதனை நேரத்தில் கைப்பிள்ளை கூட யோசித்துவிட்டுத்தான் அழும். அன்றைக்கு ஜெபக்கனி பீடத்தின் கம்பி அழிக்கு உள்ளேயே போய் நின்றுகொண்டிருந்தாள், எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள், படம் வேண்டாமா, ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்து இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ள உமக்குச் சம்மதமா என்று கேட்கிறார், மாப்பிள்ளையின் முகம் பாதி நிழலில் கிடக்கிறது, இவளுக்கு வாய் சும்மா இருக்குமா, "சார், இந்தா இங்க, இங்க பாருங்க!" அந்த மனுஷன் எல்.கே.ஜி.யிலிருந்தே சொன்ன பேச்சு கேட்டு வளர்ந்தவன் போல, பொண்ணிடமிருந்து முகத்தைத் திருப்பி, கேமராவைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "சம்மதம்" என்றான். ஐயர் ஜெப புத்தகத்தை மூடினார். மூடின சத்தம் இப்போதும் கேட்கிறது. "மாப்பிள்ள, நீங்க யாருக்கு வாக்குக் குடுக்கிய? அந்த அம்மாவுக்கா?" கோயிலே சிரித்தது, மாடத்தில் நின்றவர்கள் வரைக்கும் சிரித்தார்கள், மாப்பிள்ளையே சிரித்தான். "போட்டோ அம்மா, நீங்க வெளியே இருங்க" என்றார் ஐயர். நடுப்பாதை வழியாகத் தலை குனிந்து வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள், ஒன்று கிடைத்தது, இன்னொன்று கண்ணீரில் தெரியவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம், காய்கறிக் கடையில், ரேஷன் கடையில், "கேமராவக் கெட்டிக்கிட்ட மாப்பிள்ளைய எடுத்தது இவதாம்ல" என்கிற பேச்சு. அதுவெல்லாம் போகட்டும், சிரித்துச் சிரித்து மனுஷருக்கே அலுத்துவிடும். ஆனால் அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கையில் அவள் ஒருத்தி மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் வேறு எங்கேயோ போய்விட்டதைப் பார்த்துக்கொண்டு, பூச்செண்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது. அன்றைக்குக் கடைசியாக எடுத்த படம் அதுதான், நல்ல ஃபோகஸ். எத்தனையோ தடவை அழிக்கப் போய் அழிக்காமல் விட்டுவிட்டாள்.

பின் வாசலில் ஆள் எழும்புகிற சத்தம் கேட்டது, பொண்ணு வருகிறாள், லிடியாள் டீச்சர் விரலைத் தூக்கினாள், எல்லாரும் எழுந்தார்கள், ஜெபக்கனியும் எழுந்து வாயை அசைத்தாள். பாட்டுப் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து அதன் விளிம்புக்கு மேலே கேமராவின் மூக்கை நீட்டினாள். பாட்டு நல்ல உரக்கப் போகிற நேரம், டக், டக், டக், மூன்று படம், நாலு படம், யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று ஆல்டோ குரலில் பாடிய அக்காவுக்கே கேட்கவில்லை. அப்பா இல்லாத பொண்ணு, அம்மா கையைப் பிடித்து நடக்கிறாள், அம்மா ஞானமுத்து டீச்சர் மாம்பழ நிறப் பட்டில் விறைப்பாக வருகிறாள். பெர்சிஸ். அந்தப் பிள்ளையின் பேர் பெர்சிஸ். எவர் வைத்தாரோ அந்தப் பேரை, உதட்டை ஒட்டிப் பிரித்தால்தான் வரும் பேர், அந்தப் பிள்ளைக்கென்று பார்த்து வைத்த மாதிரி.

ஏனென்றால் பெர்சிஸுக்குத் திக்கும். ஒரு மாசத்துக்கு முன்னால் ஸ்டுடியோ படியேறி வந்தவள் எதிரில் உட்கார்ந்து "ப... ப..." என்று தொடங்கியதும் ஜெபக்கனிக்குப் புரிந்துவிட்டது, ஞானமுத்து டீச்சர் மகள்தானே, தெரியும், வாய் துறுதுறுத்தது, பெர்சிஸா என்று எடுத்துக் கொடுத்துவிட்டால் பாவம் லேசாகுமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அப்போதுதான் சுரீர் என்றது. இங்க பாருங்க, இங்க பாருங்க. அதே வாய், அதே அவசரம். அடுத்தவர் சொல்லுக்குள்ளே தலையை விட்டுப் புரட்டுகிற அதே புத்தி. ஜெபக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. பேர் வந்தது, அப்புறம் மற்றதும் வந்தது, நின்று நின்று, ஆனால் முழுசாக வந்தது. ஆள் பார்க்காவிட்டால் திக்காது, போனில் மணிக்கணக்காகப் பேசுவாளாம், மாப்பிள்ளை கிதியோனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, அவன் இவளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு மாசம் போனிலேயே பேசியிருக்கிறார்கள், நேரில் பார்த்த அன்றைக்குத் திக்கியது, அவன் "ஏன் அவசரம், பஸ்ஸு அஞ்சரைக்குத்தான்" என்றானாம், அப்போதே முடிவு பண்ணிவிட்டாளாம் இவன்தான் என்று. இப்போது பயமெல்லாம் கோயில்தான். கடையில், பாங்கில், பொண்ணு பார்க்க வந்தவர்களிடத்தில், எங்கே போனாலும் அம்மாதான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், "பெர்சிஸ்னு பேரு, எம்.காம்., கொஞ்சம் கூச்சம்," இருபத்தாறு வருஷமாக இந்தப் பிள்ளை ஒரு கூட்டத்துக்கு முன்னால் தன் பேரைச் சொன்னதில்லை. வாக்குக் கொடுக்கையில் அம்மா சொல்ல முடியாது. ஐயர் சொல்லச் சொல்ல அவளேதான் சொல்ல வேண்டும், முதல் சொல்லே அவள் பேர்தான். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள், "அக்கா, நான் சொல்லும்போது என்னையப் பாக்காதிய. கேமரா என்னையப் பாத்தா எனக்கு வராது." சரிம்மா என்றாள் ஜெபக்கனி. "ஆனா படம் வேணும்க்கா. நான் என் வாயால சொன்னேன்னு ஒரு படம் வேணும்." அதெப்படிப் பிள்ளை, பார்க்கவும் கூடாது படமும் வேணும் என்றால், என்று கேட்க வாயெடுத்தவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டாள்.

புரண்டு புரண்டு கண்டுபிடித்தது இதுதான்: ஐயர் ஒரு துண்டு சொல்லுவார், அப்புறம் பொண்ணு அதைத் திருப்பிச் சொல்லுவாள். ஐயர் குரல் பனைமரத்தில் முட்டித் திரும்புகிற குரல். அவர் சொல்லுகிற நேரம் எடு. கேட்டுக்கொண்டு, மனசுக்குள் சேர்த்துக்கொண்டு நிற்கிற முகத்தை எடு, டக் சத்தம் ஐயர் சத்தத்துக்குள் அமுங்கிப் போகும். பிள்ளை வாயைத் திறக்கும்போது கேமராவை மடியில் போடு, தரையைப் பார். விவாக ஆராதனை முறைமையை அச்சடித்த புத்தகம் வாங்கி எங்கெங்கே மூச்சு விடுவார் என்று பென்சிலால் கோடு போட்டு மனப்பாடம் பண்ணினாள். அப்புறம்தான் ஐயர் வீட்டுக்குப் போனாள், போய் வாசலில் கால் மணி நேரம் நின்றாள். "பொண்ணு உங்களத்தான் கேக்குது, எனக்கு இஷ்டமில்ல" என்றார் ஐயர். "ஃப்ளாஷ் கூடாது. அழிக்கு உள்ள கால் வைக்கக் கூடாது. தாலி கட்டி முடியுத மட்டும் நீங்க இருக்க எடத்த விட்டு எழும்பக் கூடாது. எழும்புனா அன்னைக்கு மாதிரிதான், இனிமே இந்தச் சேகரத்துல எந்தக் கோயில்லயும் உங்கள நான் ஏத்த மாட்டேன்." சேகரம் என்றால் பதினொரு கோயில். பதினொரு கோயிலில் வருஷம் முழுக்கக் கல்யாணம், ஞானஸ்நானம், பிரதிஷ்டைப் பண்டிகை, அவள் பிழைப்பே அதுதான். "எழும்ப மாட்டேன் ஐயா" என்றாள், வேதத்தின் மேல் கை வைத்த மாதிரித்தான் சொன்னாள்.

இப்போது ஜெபம் முடிந்தது, வசனம் முடிந்தது, சின்னப் பிரசங்கம் பெரிசாகி அதுவும் முடிந்தது, வெயில் இரண்டாவது படிக்கு வந்துவிட்டது, கிதியோனும் பெர்சிஸும் ஒருவரை ஒருவர் பார்த்து வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிதியோன் சொல்லத் தொடங்கினான். ஐயர் சொல்லும்போது டக், கிதியோன் சொல்லும்போது கேமரா மடியில், ஐயர், டக், கிதியோன், மடியில், அட, நடக்கிறதே, போட்ட கணக்கு அப்படியே நடக்கிறதே, ஐயர் கூட ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்துவிட்டு இவளைக் காணாமல் வேறு பக்கம் பார்த்தார், பார்வைக்கு இவள் நாலாவது ஆல்டோ. நடுப்பாதையில் மாப்பிள்ளை வீட்டு வீடியோக்காரன் ஜட்சன் நின்றான், தூத்துக்குடிப் பையன், நல்ல வேலைக்காரன்தான், காலடியில் அணைத்து வைத்த லைட்டு. காலையில் அவனிடமும் சொல்லியிருந்தாள், லைட்டு போடாதே தம்பி என்று, சரிக்கா என்றான், சரிக்கா என்பது இந்தத் தொழிலில் மூச்சு விடுகிற மாதிரி. அவன் ஏன் இப்போது இரண்டடி முன்னால் வந்தான். கிதியோன் முடித்துவிட்டான். ஐயர் பெர்சிஸ் பக்கம் திரும்பினார். "பெர்சிஸ் ஆகிய நான்," என்றார். டக். நல்ல முகம், நெற்றியில் வெயில், கண் முழுக்கக் கிதியோன் மேல். ஜெபக்கனி கேமராவை மடியில் போட்டாள், தரையைப் பார்த்தாள், தன் கால் கட்டை விரலைப் பார்த்தாள்.

வரவில்லை. விசிறி கிரீச் என்றது. "ப..." என்று ஒரு காற்று, உதடு ஒட்டிக்கொண்ட ஒரு சத்தம், அதற்குமேல் இல்லை. கிரீச். சொல்லு தாயி, மெதுவாச் சொல்லு, பஸ்ஸு அஞ்சரைக்குத்தான், யாரும் எங்கேயும் போகவில்லை. தரையில் கட்டை விரல் நகத்தில் பழைய மருதாணி பாதி அழிந்து கிடந்தது, அதையே பார், பார்க்காதே அவளை, பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். கிரீச். பின்னால் யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை "ஏம்மா சொல்ல மாட்டேங்காவ" என்றது, உஷ் என்றார்கள். ஐயர் எடுத்துக் கொடுத்துவிடுவாரோ, கொடுத்துவிடாதேயும் ஐயா, உமக்குப் புண்ணியமாகப் போகும். கிரீச். நாலா, அஞ்சா, எண்ணுகிறதே தப்பு, எண்ணினால் நீளும். அப்போது தரையில், கட்டை விரலுக்கு முன்னால், நிழல் ஒன்று நகர்ந்தது. தலையைத் தூக்கினாள். ஜட்சன். லைட்டைத் தூக்கிக்கொண்டு பாடகர் பெஞ்சுக்கும் பீடத்துப் படிக்கும் நடுவில் வருகிறான், கண்ணெல்லாம் பளபளப்பு, இவளுக்குத் தெரியாதா அந்தப் பளபளப்பு, பொண்ணு பேச முடியாமல் நிற்கிறாள் என்றால் அழப் போகிறாள், பொண்ணு அழுகிறதுதான் கல்யாண வீடியோவிலேயே தங்கம், அதைப் போட்டுக் காட்டித்தான் அடுத்த கல்யாணம் பிடிக்கிறது, இவளே எத்தனை பொண்ணுகளிடம் அம்மாவை நினைச்சுக்கோம்மா என்று சொல்லிக் கண்ணீர் வரவழைத்திருக்கிறாள். அவனுக்கு என்ன தெரியும் பாவம். அவன் விரல் லைட்டின் பொத்தானுக்குப் போகிறது. அந்த வெளிச்சம் அந்தப் பிள்ளை முகத்தில் விழுந்தால் அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொள்ளும், அம்மா முந்திக்கொண்டு சொல்லுவாள், கோயில் உச்சுக் கொட்டும், ஆயுசு முழுக்க அந்தப் பிள்ளை தன் கல்யாணத்தில் தன் பேரைச் சொல்லாதவள். எழும்பாதே. எழும்பினால் அன்றைக்கு மாதிரிதான். பதினொரு கோயில். எழும்ப மாட்டேன் ஐயா என்று சொல்லியிருக்கிறாய். நடுப்பாதை, சிரிப்பு, ஒற்றைச் செருப்பு. அதோ பொத்தான்.

எழுந்துவிட்டாள். எழுந்தாளா, கால் எழுந்ததா, தெரியாது, பாட்டுப் புத்தகம் பொத்தென்று விழ, கேமரா கையோடு வர, இரண்டே எட்டில் போய் ஜட்சனுக்கு முன்னால், பொண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்த மாதிரி அகலமாக நின்றாள். பளீர் என்று எரிந்த லைட்டு முழுக்க இவள் நெஞ்சில் விழுந்தது. கண் கூசியது. "யக்கா, மறைக்காதிய!" என்றான் ஜட்சன் அடித்தொண்டையில். மறைக்காதிய! பதினெட்டு வருஷமாக எத்தனை கல்யாணத்தில் எத்தனை பெரியம்மாக்கள் முதுகுக்குப் பின்னால் நின்று திட்டியிருப்பார்கள், ஏ போட்டோக்காரி மறைக்காத, பொண்ணைப் பெத்தவளுக்கே பொண்ணு தெரியல, விலகு, விலகு. ஒரு நாளாவது விலகியிருக்கிறாளா. இன்றைக்கும் விலகவில்லை. மறைப்பேன்டா, நல்லா மறைப்பேன், இந்த முதுகு இத்தனை அகலத்துக்கு வளர்ந்தது இதற்குத்தான் போலிருக்கிறது. "லைட்ட அணை தம்பி," என்றாள், உதடு மட்டும்தான் அசைந்தது, லிடியாள் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி. அவன் இவள் கண்ணைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, அணைத்துவிட்டான். இருட்டு மாதிரி இருந்தது, கோயிலே பழைய வெயிலுக்குத் திரும்பியது. முதுகுக்குப் பின்னால் ஐயர் நிற்கிறார், அவர் பார்வை பிடரியில் சுடுகிறது, இப்போது புத்தகத்தை மூடுவார், இந்தா மூடுகிறார், போட்டோ அம்மா வெளியே இருங்க, சரி ஐயா போகிறேன், செருப்பு எங்கே விட்டேன் என்று இன்றைக்கு ஞாபகம் இருக்கிறது. கிரீச். விசிறி திரும்பியது. புத்தகம் மூடவில்லை.

"பெர்சிஸ்."

முதுகுக்குப் பின்னால் வந்தது அந்தச் சத்தம். ஒரே சொல். அப்புறம் அணை உடைத்துக்கொண்டது மாதிரி இல்லை, அப்படியெல்லாம் இல்லை, மெதுவாக, கல்லுக் கல்லாக மிதித்து ஓடை தாண்டுகிற மாதிரி, "பெர்சிஸ் ஆகிய நான்." ஜெபக்கனிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, திரும்பாதே, சொல்லியிருக்கிறாய், திரும்பாதே. திரும்பாமல் எதிரே பார்த்தாள், எதிரே கோயில் முழுக்க முகம், ஐந்நூறு முகம், எல்லா முகமும் ஒரே பக்கம், முதல் பெஞ்சில் ஞானமுத்து டீச்சர். இருபத்தாறு வருஷமாக மகளுக்காக முந்திக்கொண்டு பேசின வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். இறுக்கி, கன்னச் சதை பிதுங்கப் பொத்தியிருந்தாள், எங்கே தன்னை அறியாமல் அந்தப் பேர் வெளியே வந்துவிடுமோ என்று, கண்ணு இரண்டும் வெளியே வந்துவிடும் போல, அந்தக் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, விழவில்லை. அம்மா சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள். இதோ இருக்கிறது சாட்சி. ஏ ஜெபக்கனி, மடச்சி, பார்க்காமல் எப்படி எடுப்பது என்று ராத்திரியெல்லாம் புரண்டாயே, இப்படித்தான். கேமரா தன்னால் கண்ணுக்கு வந்தது. டீச்சர் முகம், விரல், மோதிரம், பின்னால் வாய் பிளந்த ஒரு சின்னப் பையன், எல்லாம் தெளிவாக இருந்தது, அமுக்கப் போனவள் நிறுத்தினாள், பொறு, பொறு, அவள் சொல்லி முடிக்கட்டும், ஐயர் வாயைத் திறக்கட்டும். "கிதியோன் ஆகிய உம்மை," என்றார் ஐயர் பனைமரக் குரலில். டக். விழுந்தது. வாழ்நாளில் இப்படி ஒன்று விழுந்ததில்லை. பின்னால் பெர்சிஸ் "கி" என்றாள், நின்றாள், ஒரு கிரீச், "கிதியோன் ஆகிய உம்மை" என்றாள். திக்கினால்தான் என்ன, வருகிறது பார், ஒவ்வொன்றாக வருகிறது, சுகத்திலும் நோவிலும் வருகிறது, சாகிற மட்டும் வருகிறது. கடைசிச் சொல் முடிந்தபோது ஞானமுத்து டீச்சர் கையை எடுத்தாள், வாயைச் சுற்றி விரல் பதிந்த சிவப்பு. ஜெபக்கனி அவளைப் பார்த்து அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, திரும்பாமல் பின்னுக்கே நடந்து பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். லிடியாள் டீச்சர் கீழே விழுந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து, கையை ஒரு தடவை அமுக்கினாள்.

அடுத்தது தாலி. இப்போதுதான் பயம் வந்து உட்கார்ந்தது, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ. எழும்பிவிட்டாய். ஐயர் பார்த்துவிட்டார். பிள்ளை சொல்லட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார், இப்போது கூப்பிடுவார், தாலியை ஜெபித்துக் கொடுக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. கூப்பிடட்டும். கூப்பிட்டால் எழுந்து தலை நிமிர்ந்து நடப்பேன், அந்தப் படம் உள்ளே இருக்கிறது, அதை எந்த ஐயரும் பிடுங்க முடியாது. ஐயர் தட்டிலிருந்து தாலியை எடுத்து ஜெபம் பண்ணினார். கிதியோன் வாங்கினான். பெர்சிஸ் தலையைக் குனிந்தாள், கிதியோனின் அக்கா பின்னால் முடிச்சுக்குக் கை கொடுக்க வந்து நின்றாள், இப்போது பேச்சில்லை, இப்போது பார்க்கலாம், ஜெபக்கனி கேமராவைத் தூக்கினாள், வெள்ளை. எல்லாம் வெள்ளை. ஐயரின் அங்கிக் கை, குடை மாதிரி விரிந்த அந்தக் கை, சரியாகப் பொண்ணின் கழுத்துக்கு முன்னால். போச்சு. வாயைத் திறக்க முடியாது, எழும்ப முடியாது, கொஞ்சம் தள்ளுங்க ஐயா என்று எந்த லோகத்தில் சொல்வது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், வெள்ளைதான். கிதியோன் தாலியைக் கழுத்துக்குக் கொண்டு போகிறான். அப்போது ஐயர் முகத்தைத் திருப்பி நேராக இவளைப் பார்த்தார். ஆல்டோ வரிசையில் நாலாவது ஆளை, பேர் தெரிந்து, மூன்று வருஷம் தெரிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, புத்தகத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார், அங்கிக் கையைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டார், அரை எட்டு பின்னால் நகர்ந்தார். கிதியோனிடம் என்னவோ சொன்னார், உதடு அசைந்தது, "மெதுவா" என்றுதான் இருக்கும், ஏனென்றால் கிதியோன் கை மெதுவானது. வெயில் பெர்சிஸின் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஜன்னலும் ஐயரும் சேர்ந்து வழி விட்டார்கள். ஆர்கன் தொடங்கியது, குலவை எழுந்தது, அந்த ஆரவாரத்துக்குள்ளே ஜெபக்கனி பயமில்லாமல் அமுக்கினாள், டக் டக் டக் டக், முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது, எடுத்தேன், எடுத்தேன் ஆண்டவரே, அத்தனையும் எடுத்தேன். பாட்டு தொடங்கியதும் மறந்துபோய்ச் சத்தமாகவே பாடிவிட்டாள். லிடியாள் டீச்சர் திரும்பிப் பார்த்தாள், ஆனால் விரலை உதட்டில் வைக்கவில்லை.

கோயில் வாசலில் மாலையும் மிட்டாயும் அரிசியுமாக ஒரே நெரிசல். ஜட்சன் பக்கத்தில் வந்து, "சாரிக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்றான், "எனக்கும் அன்னைக்குத் தெரியாதுடா" என்றாள் ஜெபக்கனி, அவனுக்குப் புரியவில்லை. ஐயர் உடுப்பு மாற்றிக்கொண்டு குடையோடு போனவர் இவளிடம் நின்றார். "அடுத்த புதன்கிழம மேலக் கோயில்ல ஒரு விவாகம். பொண்ணு வீட்டுல உங்க நம்பரு கேட்டாவ. குடுத்திருக்கேன்," என்றுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அப்போதுதான் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது, மருதாணிக் கை. "ஜெ..." என்றாள் பெர்சிஸ். நின்றது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றார்கள், அத்தை ஒருத்தி ஓடி வந்து "ஜெபக்கனியைத்தான கூப்பிடுத? இந்தா..." என்றாள், பெர்சிஸ் அந்த மருதாணிக் கையாலேயே அத்தையை நிறுத்தினாள், அவசரப்படவே இல்லை, முகம் சிவக்கவும் இல்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டே நிற்க, "ஜெபக்கனியக்கா" என்று முடித்தாள். ஜெபக்கனி கூட்டத்தைத் தோளால் நெட்டிக்கொண்டு போனாள், இந்த ஒரு தடவை யாரும் திட்டவில்லை.

"எடுத்தியளாக்கா?"

"எடுத்தாச்சு தாயி."

"என்னையப் பாத்தியளா?"

"பாக்கவேயில்ல. நீ சொல்லி முடிக்குத மட்டும் முதுகத்தான் காட்டிக்கிட்டு நின்னேன்." கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். வெயிலுக்குக் கை மறைத்துக் குனிந்து பார்த்தாள் பெர்சிஸ். வாயைப் பொத்திக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மா சொல்லல," என்றாள், ஒரு இடத்திலும் நிற்காமல், அது கேள்வியா பதிலா என்று தெரியாமல். "சொல்லல," என்றாள் ஜெபக்கனி, "நீதான் சொன்ன." பெர்சிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கிதியோன் கையைப் பிடித்து இழுத்து அருகில் நிறுத்திக்கொண்டாள், மாலையைச் சரி பண்ணினாள், நிமிர்ந்து நேராகக் கேமராவுக்குள் பார்த்தாள்.

"இப்பப் பாருங்கக்கா."

ஜெபக்கனி கறுப்பு டேப்பை நகத்தால் உரித்து எறிந்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஃப்ளாஷைப் போட்டாள்.